பாலா, தெளிநீரா?

பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரை ஜீரணமாகாமல் அவதிப்படுவோர் நம்மில் பலர். லாக்டேஸ் என்னும் நொதி அச்சர்க்கரையை இரண்டாகப் பிளந்துவிடும். ஆனால் நொதியைப் பாலில் கலந்தால் பாலோடு போயிற்று. மீண்டும் கைக்கு வராது. ஆகவேதான் அதைத் திண்மமான தாங்கியொன்றில் பிணைத்து, குழாயில் அடைத்து, பாலை அதனூடே செலுத்தும் முறை தோன்றிற்று. கரியில் ஒட்டிய இன்வர்டேஸ் நொதி தன் வேலையை விடுவதில்லை என்று நெல்சனும் கிரிஃபினும் 1916-லேயே கண்டனர். 1970-களில் இத்தாலியின் மிலான் நகரில், செல்லுலோஸ் ட்ரைஅசிடேட் இழைகளுக்குள் சிறைப்பட்ட லாக்டேஸைக் கொண்டு பாலையே பக்குவம் செய்தார்கள்.

இத்துறையின் ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படிக்கையில் எனக்கொரு மனக்குறை. பிணைத்த நொதியின் திறனைப் பலர் பாலில் அளப்பதேயில்லை. தெளிந்த பஃபர் கரைசலில், பிளந்தால் மஞ்சள் நிறம் காட்டும் செயற்கைப் பொருளொன்றைக் கொண்டு அளந்துவிட்டு, பலமுறை பயன்படுத்தியும் திறன் குன்றவில்லை என்று எழுதி மகிழ்கிறார்கள். பாலை ஊற்றினாலன்றோ சங்கதி தெரியும்! கொழுப்பும் கேசீன் புரதமும் தாங்கியின் நுண்துளைகளை அடைக்கும். பாக்டீரியாக்களுக்கோ நல்ல விருந்து. கொதிநீரால் கழுவலாமென்றால் நொதியே செத்துவிடும். குளிரில் ஓட்டினால் கிருமி அடங்கும், நொதியும் மந்தமாகும்.

பாலைத்தான் செலுத்தவேண்டும் என்று யார் விதித்தது? நான் படிக்கும் இக்கல்கத்தாவில் ரசகுல்லாவுக்காகப் பாலைக் காய்ச்சித் திரித்துச் சானா எடுக்கிறார்கள். மிஞ்சும் தெளிநீரில் லாக்டோஸ் அநேகமாக அப்படியே இருக்கிறது. கொழுப்பும் புரதமும் பெரும்பாலும் சானாவோடு போய்விடுகின்றன. தெளிநீர் சற்றுப் புளித்திருக்குமே என்பீர்கள். நல்லதாயிற்று! அஸ்பெர்ஜில்லஸ் நைகர் பூஞ்சையின் லாக்டேஸ் புளிப்பிலேதான் நன்றாக உழைக்கும். 50 டிகிரி சூட்டிலும் தளராது. அந்தச் சூட்டில் பெரும்பாலான கிருமிகள் பெருகுவதுமில்லை. பிளவுபட்டுப் பிறக்கும் காலக்டோஸ் சேரச் சேர இந்நொதி சோர்வடைவது மெய்தான். ஆனால் முழுவதும் பிளந்தாகவேண்டும் என்று இங்கே கட்டாயமில்லை. லாக்டோஸைவிட இனிப்பான பாகு கிடைத்தால் மிட்டாய்க்கும் ரொட்டிக்கும் போதும்.

என் பேராசிரியர் இன்னும் பால் கட்சியில்தான் இருக்கிறார். அடுத்த வாரம் பக்கத்துத் தெரு இனிப்புக் கடையிலிருந்து ஒரு குடம் தெளிநீர் வாங்கிவருவதாக இருக்கிறேன். மறுநாள் பால் திரிக்கக் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொண்டு, மீதியைக் கடைக்காரர் சாக்கடையில்தான் கொட்டுகிறார். காசு கேட்கமாட்டார்.