யாருக்கு ஊழியம்?

ஒரு கலைஞன் எதை நம்ப வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை அவனுடைய ரசிகர்களுக்கு உண்டா? அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1979 ஆகஸ்டில் வெளியிட்ட 'ஸ்லோ டிரெயின் கமிங்' என்ற இசைத்தட்டு எழுப்பிய கேள்வி இது.

டிலன் 1941-ல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாட்டுப்பாடல் வழியில் வந்து, பிறகு அதை ராக் இசையோடு இணைத்தவர். கறுப்பின மக்களின் உரிமைக்காகவும் போரை எதிர்த்தும் அவர் எழுதிய பாட்டுகளை 1960-களின் இளைஞர்கள் தங்கள் சொந்தக் குரலாகவே கொண்டார்கள். அப்படிப்பட்டவர் கிறிஸ்துவை ஏற்று, கலிபோர்னியாவில் ஒரு திருச்சபையின் வேதாகம வகுப்புகளுக்குப் போனார். இந்த இசைத்தட்டின் ஒன்பது பாடல்களும் அந்த விசுவாசத்தில் பிறந்தவையே.

ரசிகர்களில் பலர் கொதித்தார்கள். அந்த நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் 14 இரவுகள் பாடியபோது, பழைய பாட்டு ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. அரங்கில் கூச்சல் எழுந்தது. பத்திரிகைகள் சாடின. 1965-ல் நியூபோர்ட் விழாவில் மின்சார கிதாரை எடுத்தபோதும் இதே கூச்சல்தான். நமக்குப் பிடித்ததையே ஒருவர் ஆயுள் முழுவதும் பாடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது ரசனை ஆகாது, அது அதிகாரம்.

இந்த விஷயத்தில் ரசிகர்களைவிடப் பக்குவமாக நடந்துகொண்டவர் தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர். அவரும் யூதர், அத்துடன் நாத்திகர். டிலன் அவரிடமே மதத்தைப் போதிக்க முயன்றார். 62 வயதான வெக்ஸ்லர், தம்மைத் திருத்த முடியாது, இசைத்தட்டு வேலையைப் பார்ப்போம் என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டார். அலபாமாவில் நடந்த அந்தப் பதிவில் வாத்தியங்களின் ஒழுங்கும் தெளிவும் இன்றும் கேட்கத் தெவிட்டாதவை. நம்பாதவரும் நம்புகிறவரின் பாட்டுக்கு மனமார உழைக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆனால் டிலன் பக்கம் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. தலைப்புப் பாட்டில் அராபிய எண்ணெய் அதிபர்களை ஏளனமாக ஏசுகிறார். அது பெட்ரோல் நெருக்கடியில் அமெரிக்கா தவித்த ஆண்டு. அந்த ஏச்சில் ஒலிப்பது பக்தி அல்ல. அன்றைய நாட்டுக் கோபம். 'ஐ பிலீவ் இன் யூ' பாட்டிலோ, விசுவாசத்தின் காரணமாக ஒதுக்கப்பட்ட ஒரு மனிதன் தன் மனத்தைத் திறந்து காட்டுகிறான். பிறரை நோக்கி விரல் நீட்டும்போது பாட்டு பிரசங்கமாகிறது; தன் நெஞ்சைத் தொட்டுப் பாடும்போது வேற்று மதத்தவரையும் அது உருக்குகிறது.

1980-ல் கிராமி விருது பெற்ற முதல் பாட்டின் கருத்து எளியது. எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும், மனிதன் யாருக்கோ ஒருவருக்கு ஊழியம் செய்தே ஆகவேண்டும். யாருக்கு என்பதை அவனே தேர்ந்துகொள்ள வேண்டும். மாதச் சம்பளத்துக்கு உழைக்கும் நமக்கு 'ஊழியர்' என்ற பெயர் பழக்கமானது. அலுவலக நேரம் முடிந்த பிறகு நாம் யாருடைய ஊழியர்? பணத்துக்கா, குடும்பத்துக்கா, கடவுளுக்கா, சக மனிதனுக்கா? இதற்கு டிலன் கண்ட விடையை நாம் ஏற்க வேண்டியதில்லை. கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. அதற்காகவாவது இந்தப் பாட்டைக் காது கொடுத்துக் கேட்கலாம்.