திரும்பி வரும் உரிமை

சிங்கப்பூரின் துவாஸ் கப்பல் பட்டறைகளிலும் ஜூரோங் தீவின் சுத்திகரிப்பு ஆலைகளிலும் சில வருஷங்கள் கை பழகிய வெல்டருக்கோ பைப் ஃபிட்டருக்கோ எந்தத் தேசத்திலும் மதிப்பு உண்டென்பதை, வேலைக்கு ஆள் அனுப்பும் நம் தொழிலினர் நன்கறிவர். பெர்மிட் முடிந்து ஊர் திரும்பும் தறுவாயில், தேக்காவின் ஞாயிற்றுக்கிழமை நெரிசலுக்கிடையே நின்றுகொண்டு, "அண்ணே, இராக்குல ரெண்டு மடங்கு சம்பளம்னு சொல்றாங்க, போகலாமா?" என்று அவர் கேட்கும்பொழுது, அங்கே தற்சமயம் சண்டை உண்டா இல்லையா என்ற அளவோடு நம் விடை பெரும்பாலும் நின்றுவிடுகிறது. எமது அபிப்பிராயத்தில் அதற்கு முன்னரே விசாரித்தறிய வேண்டிய விஷயம் ஒன்றுண்டு: நிலைமை கெடுமானால், வேலையை உதறிவிட்டு விமானம் ஏறக்கூடிய ஸ்திதியில் அந்த மனிதர் இருப்பாரா?

2014 ஜூன் மாதத்தில் இராக்கின் திக்ரித் நகரம் தீவிரவாதிகள் வசமானபோது அங்குள்ள மருத்துவமனையில் அகப்பட்டுக்கொண்ட 46 இந்தியச் செவிலியரின் கதையை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அவர்களில் ஏறக்குறைய யாவரும் கேரளத்தவர்; தூத்துக்குடிப் பெண் ஒருவரும் உடனிருந்தார். ஜூலை 5ஆம் தேதி அவர்கள் கொச்சியில் வந்திறங்கியதையே தேசம் கொண்டாடியது. ஆயினும் நம் தொழிலுக்குப் பாடமாக அமைவது அதற்கு முந்தைய நாட்களேயாகும். துப்பாக்கிச் சத்தம் கேட்கத் தொடங்கிய பின்னரும் அவர்களில் பலர் புறப்படத் தயங்கினர். ஏனெனில், வேலைக்காகவும் படிப்புக்காகவும் வாங்கிய கடன் ஊரில் வட்டியுடன் வளர்ந்துகொண்டிருக்க, வரவேண்டிய சம்பளப் பாக்கியோ அந்த ஆஸ்பத்திரியிலேயே முடங்கிக் கிடந்தது. அதே ஜூன் மாதம் மோசூலில் கட்டுமான வேலைக்குச் சென்றிருந்த இந்தியர் 39 பேர் கடத்தப்பட்டு மாண்டனர். அந்த மரணங்களை இந்திய அரசு நாடாளுமன்றத்தில் அறிவித்தது 2018 மார்ச்சில்தான். ஏறக்குறைய நான்கு வருஷ காலம் அக்குடும்பங்கள் எந்த நம்பிக்கையைப் பற்றிக்கொண்டு வாழ்ந்தனவோ, நினைக்கவே நெஞ்சு பதைக்கிறது.

நல்ல கூலியை நம்பிச் சென்று திரும்ப முடியாமற்போவது நம் சமூகத்துக்குப் புதிய அனுபவமும் அன்று. இரண்டாம் உலக யுத்தத்தின்போது சயாம்–பர்மா ரயில் பாதைக்கு மலாயாவில் ஆள் திரட்டிய ஜப்பானியர், நல்ல கூலி, குறுகிய கால ஒப்பந்தம், குடும்பத்தோடு தங்க இடம் என்று முதலில் விளம்பரமே செய்தனர்; அதற்கு ஆள் போதாமற்போன பிறகு பலவந்தத்தில் இறங்கினர். அவ்வாறு சென்ற தோட்டத் தமிழரில் எத்தனையோ ஆயிரம் பேர் மீளவேயில்லை.

கடலோடிகளின் நிலைமையைக் கரையில் வேலை செய்வோரின் நிலைமையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நமக்குப் பெரிதும் பயன்படும். 2013இல் அமலுக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, வேலை தேடித் தருவதற்காகக் கப்பல் சிப்பந்தியிடம் கட்டணம் வசூலிக்கலாகாது. கப்பல் முதலாளிகளும் சிப்பந்திச் சங்கங்களும் கூடிப் பேசும் சர்வதேசக் கூட்டுப் பேச்சு மன்றத்தின் ஒப்பந்தத்துக்கு உட்பட்ட கப்பலானால், யுத்தப் பிரதேசமென்று குறிக்கப்பட்ட கடலுக்குள் அது நுழையுமுன் அவர் வர மறுக்கலாம். மறுத்தால் கம்பெனியே தன் செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும். சம்மதித்துச் சென்றால் அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமான தொகை கூடுதலாகக் கிடைப்பதோடு, மரணத்துக்கும் ஊனத்துக்கும் உரிய நஷ்ட ஈடும் இரட்டிப்பாகிறது. அதே கடற்கரையில், அந்தக் கப்பல் நின்ற துறைமுகத்திலேயே குழாய் பொருத்தும் தொழிலாளிக்கு இவற்றுள் ஒன்றாவது கிடைக்கும் என்று நம்மால் சொல்ல முடியுமா?

சட்டத்தின் நிழல் அவர்மீது விழாமற்போவதற்குக் காரணங்கள் உண்டு. சிங்கப்பூர் முகவர் தொழிலாளியிடம் பெறக்கூடியது ஒப்பந்த வருஷம் ஒன்றுக்கு ஒரு மாதச் சம்பளம், மொத்தத்தில் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மிகலாகாது. ஆனால் ஊரில் நகையை அடகு வைத்துக் கொடுக்கப்படும் 'ஏஜென்ட் காசு' அந்த விதியின் கைக்கு எட்டுவதில்லை. இந்தியாவில் பதிவு பெற்ற முகவருக்கு 30,000 ரூபாயும் வரியும் என்ற வரம்பு இருக்கிறது. இராக், லிபியா, சூடான், ஏமன் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டுமென்ற ஏற்பாடும் இருக்கிறது. எனினும் பத்தாம் வகுப்புத் தேறியவருக்கும் மூன்று வருஷத்துக்குமேல் வெளிநாட்டில் வாழ்ந்தவருக்கும் அந்த அனுமதி தேவையில்லை. செவிலியருக்கு மட்டும் அந்த விலக்கு 2015இல் நீக்கப்பட்டது. ஆகவே சாங்கி விமான நிலையத்திலிருந்தே நேராகப் பாஸ்ராவுக்குப் புறப்படும் நம் வெல்டரின் ஒப்பந்தத்தை, அவரை அனுப்பும் நம்மைத் தவிர வேறொருவரும் படித்துப் பார்ப்பதில்லை.

சிங்கப்பூர் வருமுன் அவர் பெற்ற ஐபிஏ எனும் முன்னனுமதிக் கடிதத்தையே நாம் மாதிரியாகக் கொள்ளலாம். அடிப்படைச் சம்பளம் இவ்வளவு, படிகள் இவ்வளவு, பிடித்தம் இவ்வளவு என்று தாய்மொழியில் அச்சிட்ட அத்தாளைக் கைப்பேசியில் படமெடுத்து, விரலால் பெரிதாக்கி வரி வரியாகப் படித்தவர் அவர். பிற்பாடு சம்பளம் குறைந்தபோது அதைக் காட்டி மனிதவள அமைச்சில் முறையிட்டோரும் உண்டு. அபாயப் பிரதேசத்து ஒப்பந்தங்களுக்கும் அதுபோன்ற தமிழ்த் தாள் ஒன்றை நாமே தயாரித்து, பணம் கைமாறுமுன் கொடுக்க வேண்டும். தூதரகம் வெளியேறச் சொன்னால் டிக்கெட் யார் செலவு, பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும், சம்பளம் மாதந்தோறும் ஊர் வங்கிக்கு வருமா, காப்புறுதிப் பத்திரம் யுத்த மரணத்தை விலக்குகிறதா என்பவை அதில் தெளிவாக இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதில் நம்மவர் அலட்சியம் மிகுதி. பல பத்திரங்களில் அந்த விலக்கு பொடி எழுத்தில் மறைந்திருக்கிறது.

இந்நிபந்தனைகளுக்கு இணங்காத கம்பெனியை நாம் திருப்பியனுப்பினால் அடுத்த தெருவிலுள்ள ஏஜென்ட் ஆள் அனுப்பிவிடுவார் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அனுப்பத்தான் செய்வார். அப்படியிருந்தும் நாம் மறுக்கவே வேண்டும். மறுத்ததற்குரிய காரணத்தை, கேட்டு வந்த தொழிலாளியிடம் தமிழில் எழுதிக் கொடுத்துவிடவும் வேண்டும்.