குழந்தையை ஆய்வில் சேர்க்கலாம், ஆறு வருஷம் கழித்தும் தேடி வருவார்கள் என்றால்

இதயம், நெஞ்சக அறுவை சிகிச்சை தொடர்பான மருத்துவ ஆய்வுகளில் சேரலாமா, அதிலும் கைக்குழந்தையைச் சேர்க்கலாமா? காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பங்கள் கேட்கும் இந்தக் கேள்விக்கு, அவர்களுக்குத் துணை நிற்கும் இந்த அமைப்பின் பதில்: சேரலாம். ஆனால் ஆய்வு செய்பவர்கள் நோயாளி வீடு திரும்பிய பிறகும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்க வேண்டும். அதற்கான செலவு குடும்பத்தின் தலையில் விழக்கூடாது.

“எங்க பிள்ளை என்ன சோதனை எலியா?” என்று பிள்ளையார்பாளையத்துத் தாய் ஒருவர் கேட்டால் அதில் தப்பில்லை. ஆனால் ஆய்வே நடக்காவிட்டால் ஊகத்தை நம்பித்தான் மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். அது இன்னும் ஆபத்து. ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டு, இதயத் துடிப்பும் சீர்குலைந்தவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தருவார்கள். பழைய மாத்திரை என்றால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ரிவரோக்ஸபான் என்ற புது மாத்திரைக்கு அந்தத் தொல்லை இல்லை. எனவே அதுவே வசதி என்று பலரும் எண்ணினார்கள். இந்தியா உட்பட 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. பழைய மாத்திரை சாப்பிட்டவர்களிடம்தான் மரணம் குறைவாக இருந்தது! ருமாட்டிக் வால்வு நோய் இங்கே இன்னும் ஓயவில்லை. பணக்கார நாடுகளிலோ அது அரிதாகிவிட்டது. இதை அவர்கள் நமக்காக ஆராய்ந்து தருவார்கள் என்று காத்திருக்க முடியாது.

பச்சிளங்குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு பாடம் உண்டு. இதயத்தின் இடது பக்கம் வளராமல் பிறந்த குழந்தைகளுக்குச் செய்யும் நார்வுட் அறுவை சிகிச்சையில், நுரையீரலுக்கு ரத்தம் அனுப்ப இரண்டு வகைக் குழாய் இணைப்புகள் உண்டு. வட அமெரிக்காவில் 15 மருத்துவமனைகள் 549 குழந்தைகளிடம் இரண்டையும் ஒப்பிட்டன. ஓராண்டு முடிவில் ஒரு முறை தெளிவாக முந்தியது: மாற்று இதயம் தேவைப்படாமல் உயிரோடிருந்தவர்கள் அதில் 74 சதவீதம், மற்றதில் 64. ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தபோது, உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் எதுவும் மிஞ்சவில்லை. முதல் பிறந்தநாளோடு கணக்கை மூடியிருந்தால் பாதி உண்மைதான் தெரிந்திருக்கும்.

நம் பக்கத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் செயற்கை வால்வு செய்ய முனைந்தார்கள். முதல் மூன்று வடிவங்களும் தேறவில்லை. நான்காவதைத்தான் 1990 டிசம்பரில் ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். ஆனாலும் உடனே விற்பனைக்குத் தாவவில்லை. ஆறு மருத்துவமனைகளில் 306 பேருக்குப் பொருத்தி, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள்.

பின்தொடர்வது ஏட்டில் சுலபம். கோர்வைச் சேலை நெய்யும் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும்: நெசவாளி ஒருவர், ஓரத்திலிருந்து கரைக்கான நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொருவர். அப்பா குழந்தையோடு சென்னைக்கோ வேலூருக்கோ பஸ் ஏறினால் அன்றைக்குத் தறி நிற்கும், இரண்டு கூலி போகும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆபரேஷன் செலவைத் தாங்குகிறது. போன கூலிக்கு அதில் இடமில்லை. மூன்றாவது பரிசோதனைக்கு வராத குடும்பத்தை ‘தொடர்பு அறுந்தவர்’ என்று ஆய்வேட்டில் குறிப்பது நியாயமாகத் தெரியவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017 நெறிமுறைகள், ஆய்வில் சேரும் குழந்தைகளுக்கான பயணச் செலவையும் சில்லறைச் செலவையும் ஈடுகட்ட அனுமதிக்கின்றன. ஆசை காட்டி இழுப்பதாகிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு; அது சரியே. ஆனால் தறி நின்ற நாளின் கூலி ஆசைகாட்டல் ஆகாது. அதையும், கூட உட்காரும் ஆளின் கூலியையும் ஆய்வின் பட்ஜெட்டிலேயே எழுத வேண்டும் என்று நெறிமுறைக் குழுக்களை இந்த அமைப்பு கேட்டுக்கொள்கிறது.

ஒப்புதல் படிவத்தை ஐ.சி.யூ. வாசலில் நீட்டி அப்போதே கையெழுத்து கேட்கக் கூடாது. நெருக்கடி இல்லாத நேரங்களில் தமிழ்ப் படிவத்தை முந்தைய நாளே வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். கைக்குழந்தையாகச் சேர்க்கப்பட்டவருக்குப் பதினெட்டு வயதானதும் அவரிடமே புதிதாகக் கேட்க வேண்டும். ஆய்வு முடிந்ததும், ஜெயித்ததோ தோற்றதோ, முடிவைத் தமிழில் இரண்டு பக்கத்துக்குள் எழுதி, பங்கேற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்ப வேண்டும். இவற்றுக்கு எழுத்தில் உறுதி தரும் ஆய்வுகளில் சேரும்படி மட்டுமே இந்த அமைப்பு தன் குடும்பங்களுக்குப் பரிந்துரைக்கும்.