எந்த கோர்ட்டுக்குப் போவது? வாசல் தப்பினால் வழக்கு திரும்பி வரும்!

பாரிமுனையில் பஸ்சை விட்டு இறங்கி ஐகோர்ட்டு வளாகத்துக்குள் நுழையும் வெளியாள் கேட்கும் முதல் கேள்வி, "என் கேசு எந்த கோர்ட்டுல சார்?" என்பதுதான்.

சாதாரணக் கேள்விதான். ஆனால் இதற்கு தப்பான பதில் கிடைத்து, வருஷக் கணக்கில் நடந்து செருப்பு தேய்ந்தவர்கள் உண்டு.

ஒரே காம்பவுண்டுதான். அதற்குள் ஐகோர்ட்டு இருக்கிறது. சிட்டி சிவில் கோர்ட்டு, செசன்சு கோர்ட்டு, ஸ்மால் காசஸ் கோர்ட்டு என்று வக்கீல்கள் சொல்லும் சிறு வழக்குகள் கோர்ட்டு, குடும்ப நல கோர்ட்டு எல்லாமே இருக்கின்றன. எல்லாவற்றிலும் கறுப்பு கோட்டுதான், எல்லாவற்றிலும் டவாலி சத்தம்தான். ஆனால் ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் செங்கல்பட்டு பக்கம் மனை வாங்கிப் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மனைக்காரர் வேலியை நகர்த்தி 4 அடி உள்ளே வந்து விட்டார். மனை வாங்கியவர் குடியிருப்பது மாம்பலம். வேலியை நகர்த்தியவர் குடியிருப்பது புரசைவாக்கம். "ரெண்டு பேரும் பட்டணத்து ஆளுங்கதானே, இங்கேயே போட்டுடலாம்" என்று சிட்டி சிவில் கோர்ட்டில் பிராது தாக்கல் செய்தால் என்ன ஆகும்? எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு ஆட்சேபணையை எழுதிக் கொடுப்பார். மனை எங்கே இருக்கிறதோ அந்த ஊர் கோர்ட்டில்தான் மனை உரிமை வழக்கு போட வேண்டும் என்பது சிவில் நடைமுறைச் சட்டம். பிராது கைக்கே திரும்பி வந்துவிடும். நோட்டீசு, வாய்தா, வக்கீல் பீசு எல்லாம் போனது போனதுதான்.

மூன்று கேள்வி

கோர்ட்டு வாசலைத் தீர்மானிப்பவை மூன்று. என்ன மாதிரி வழக்கு? எவ்வளவு தொகை? எந்த இடம்? வெளியூரிலும் இதே கணக்குதான். சென்னையில் மட்டும் இது கூடுதலாகக் குழம்பிக் கிடக்கிறது. அதற்குக் காரணம் இன்று நேற்று வந்ததல்ல.

வெள்ளைக்காரன் காலத்தில் கோட்டையையும் பட்டணத்தையும் சேர்ந்தவர்களுக்கு ஒரு கோர்ட்டு; வெளி ஜில்லா ஜனங்களுக்கு வேறு கோர்ட்டு. பட்டணத்துக்கு 1801-ல் ஏற்பட்ட சுப்ரீம் கோர்ட்டு, இங்கிலாந்து ராஜாவின் பெயரால் நடந்தது. வெளியூர் அப்பீல்களை கம்பெனியாரின் சதர் அதாலத்து விசாரித்தது. 1862-ல் இரண்டையும் கலைத்து, ஒன்றாக்கி, ஐகோர்ட்டு என்று பெயர் வைத்தார்கள். கலைத்தார்களே தவிர, பட்டணத்தாருக்கு இருந்த பழைய சலுகையை எடுக்கவில்லை. பட்டணத்து வழக்கை முதல் விசாரணையாகவே ஐகோர்ட்டு ஜட்ஜு கேட்கலாம் என்ற ஏற்பாடு அப்படியே தங்கி விட்டது. வக்கீல்கள் 'ஒரிஜினல் சைடு' என்று சொல்வது இதைத்தான்.

சில்லறை வழக்கு எல்லாம் ஐகோர்ட்டில் குவியவே, 1892-ல் சிட்டி சிவில் கோர்ட்டு சட்டம் வந்தது. இப்போது நாம் பார்க்கும் சிவப்பு மாளிகை திறக்கப்பட்டதும் அதே 1892-ல்தான். அன்றைக்கு சிட்டி சிவில் கோர்ட்டுக்குக் கொடுத்த வரம்பு வெறும் 2,500 ரூபாய்! அதற்கு மேல் போனால் ஐகோர்ட்டு.

கோடு எங்கே போடுவது?

பண மதிப்பு இறங்க இறங்க இந்தக் கோட்டை மேலே தூக்கிக்கொண்டே வந்தார்கள். 25 லட்சம் வரை வந்த வரம்பு, 2018-ல் ஒரே தாவலாக 1 கோடி ஆனது. வேடிக்கை என்னவென்றால், மயிலாப்பூரிலோ தியாகராயநகரிலோ ஒரு கிரவுண்டு மனைகூட ஒரு கோடிக்குள் அடங்காது. தாத்தா காலத்தில் ஓட்டு வீடாக இருந்த இடத்துக்கு உரிமை கேட்டு பேரன் வழக்கு போட்டால், அது கோடீஸ்வரர் வழக்காகி ஐகோர்ட்டுக்குப் போகிறது. பேரன் கையிலோ வழக்குச் செலவுக்கே கடன்.

கோயம்புத்தூரில் 5 கோடி ரூபாய் சொத்துக்கு தகராறு வந்தால் ஜில்லா ஜட்ஜுதான் விசாரிப்பார். வெளி ஜில்லாக்களில் முன்சீப் கோர்ட்டு, சப் கோர்ட்டு, ஜில்லா கோர்ட்டு என்று படி ஏறும். ஜில்லா ஜட்ஜுக்கு தொகையில் மேல் வரம்பே கிடையாது. அதே 5 கோடி சொத்து சென்னையில் இருந்தால் ஐகோர்ட்டு ஜட்ஜு உட்கார்ந்து சாட்சி விசாரணை முதல் நடத்த வேண்டும். கோவை ஜில்லா ஜட்ஜால் முடிகிற காரியம் சென்னை சிட்டி சிவில் ஜட்ஜால் முடியாதா என்ன? டில்லியில் 2015-லேயே கீழ்க்கோர்ட்டு வரம்பை 2 கோடியாக்கி விட்டார்கள்.

கோட்டை இன்னும் தூக்குவதில் தப்பில்லை. ஆனால் வழக்கை மட்டும் கீழே தள்ளிவிட்டு, அங்கே கூடுதல் ஜட்ஜும் டைப்பிஸ்டும் அமீனாவும் போடாமல் விட்டால் என்ன பயன்? ஐகோர்ட்டில் 20-வது நம்பராக நின்ற வழக்கு சிட்டி சிவிலில் 60-வது நம்பராக நிற்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

கோர்ட்டு கட்டண விஷயத்தில் ஒரு நிம்மதி உண்டு. பண வழக்குகளுக்கு நூற்றுக்கு ஏழரை ரூபாயாக இருந்த கட்டணம் 2017-ல் 3 ரூபாயாகக் குறைந்தது. 10 லட்சம் கேட்டு வழக்கு போடுகிறவர் 75 ஆயிரத்துக்குப் பதில் 30 ஆயிரம் கட்டினால் போதும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சென்னை மாநகராட்சி எல்லை 2011-ல் 426 சதுர கிலோ மீட்டராக விரிந்தது. ஆவடிக்கும் தாம்பரத்துக்கும் 2022 ஜனவரியில் தனித்தனி போலீஸ் கமிஷனர் அலுவலகம் வந்தது. "எங்க தெரு இப்போ கார்ப்பரேஷன் சார், அப்போ பட்டணத்து கோர்ட்டுதானே?" என்று கேட்பார்கள். கார்ப்பரேஷன் கோடு வேறு, போலீஸ் கோடு வேறு, கோர்ட்டு கோடு வேறு. ஒன்று நகர்ந்தால் மற்றதும் தானாக நகர்ந்து விடாது. வீட்டு வரி ரசீதைக் காட்டி கோர்ட்டைத் தீர்மானிக்க முடியாது.

கடைக்காரர் கவனிக்க!

செக்கு திரும்பி வந்த கதை இல்லாத கடை வீதி உண்டா? இந்த ஒரே விஷயத்தில் கோர்ட்டு எல்லை எத்தனை தடவை ஆட்டம் கண்டது என்று பார்த்தாலே போதும்.

1999-ல் சுப்ரீம் கோர்ட்டு தாராளமாகச் சொன்னது. செக்கு எழுதின ஊர், பாங்கியில் போட்ட ஊர், நோட்டீசு அனுப்பின ஊர் என்று ஐந்து வகையில் எங்கு தொடர்பு இருந்தாலும் வழக்கு போடலாம் என்று. சரக்கு கொடுத்தவர்கள் தங்களுக்கு வசதியான ஊரில் போட்டார்கள்.

2014 ஆகஸ்டில் அதே சுப்ரீம் கோர்ட்டு, "அதெல்லாம் இல்லை. செக்கு கொடுத்தவரின் பாங்கி எங்கே இருக்கிறதோ அங்கேதான்" என்று மாற்றித் தீர்ப்பு சொன்னது. சவுகார்பேட்டையில் சரக்கு எடுத்த வடநாட்டு பார்ட்டி செக்கு மோசடி செய்தால், அவன் ஊருக்கே போய் கேசு நடத்த வேண்டும்! சாட்சி விசாரணைக் கட்டத்தை எட்டியிருந்த வழக்குகள் மட்டும் தப்பித்தன. மற்றவை மூட்டையாகத் திரும்பின. பாக்கித் தொகையை விட ரெயில் செலவு அதிகமாகும் போலிருக்கிறதே என்று சின்ன வியாபாரிகள் கையைப் பிசைந்தார்கள்.

கூக்குரல் எழுந்தது. 2015-ல் சட்டத்தையே திருத்தினார்கள். கணக்கில் போட்டு வசூலிக்கும் செக்கு என்றால், பணம் பெற வேண்டியவர் கணக்கு வைத்திருக்கும் பாங்கிக் கிளை எந்த கோர்ட்டு எல்லையில் இருக்கிறதோ அங்கே வழக்கு. அதாவது கடைக்காரர் பக்கம் காற்று அடித்தது. ஆனால் பணம் கேட்டு 30 நாளுக்குள் நோட்டீசு, அவருக்கு 15 நாள் கெடு, அதன்பின் ஒரு மாதத்துக்குள் வழக்கு என்ற கணக்கு மாறவில்லை. "நாளைக்குத் தர்றேன் அண்ணாச்சி" என்ற பேச்சை நம்பி கெடுவைக் கோட்டை விட்டவர்கள் ஏராளம்.

சரக்கு பாக்கி 3 லட்சத்துக்குக் குறையாமல் இருந்து, வியாபாரக் கொடுக்கல் வாங்கலாகவும் இருந்தால், அதற்கென்று தனியாக வணிக கோர்ட்டு உண்டு. அங்கே அவசர உத்தரவு எதுவும் கேட்காத வழக்கு என்றால், முதலில் சமரசப் பேச்சுக்குப் போயாக வேண்டும். போகாமல் நேரே பிராது போட்டால் தள்ளுபடி என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

வாடகையும் விபத்தும்

சிறு வழக்குகள் கோர்ட்டு என்ற பெயரைப் பார்த்து யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். சென்னையில் லட்சக்கணக்கான நஷ்டஈடு கேட்கும் வாகன விபத்து வழக்குகள் அங்கேதான் நடக்கின்றன. விபத்து நடந்த இடம், பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம், இந்த மூன்றில் எதை வேண்டுமானாலும் அவர் தேர்ந்தெடுக்கலாம். விழுப்புரம் ரோட்டில் லாரி மோதினாலும் சூளைமேட்டுக்காரர் சென்னையில் கேட்கலாம்.

வீட்டு வாடகைத் தகராறில் பழைய 1960-ம் வருஷ சட்டம் போய், 2019 பிப்ரவரி முதல் புதுச்சட்டம் நடப்பில் இருக்கிறது. வாடகை ஏற்றுவது, வீட்டுக்காரர் தண்ணீரை நிறுத்துவது போன்ற சண்டைகள் டெப்டி கலெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் போகும். காலி செய்யச் சொல்லும் வழக்கு வாடகை கோர்ட்டுக்குப் போகும். இங்கேயும் இரண்டு வாசல்! தண்ணீர் நின்று போனதற்கு கோர்ட்டில் போய் நின்றால், அதிகாரியிடம் போ என்பார்கள்.

போலீஸ் கேசு

கிரிமினல் வழக்கில் தொகை கணக்கு இல்லை; தண்டனை கணக்குதான். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டு 3 வருஷம் வரை ஜெயில் கொடுக்கலாம். தலைமை மாஜிஸ்திரேட்டு 7 வருஷம் வரை. கொலை வழக்கு எழும்பூரிலோ சைதாப்பேட்டையிலோ ஜார்ஜ் டவுனிலோ ஆரம்பித்தாலும், மாஜிஸ்திரேட்டு அதை செசன்சுக்கு அனுப்பியே தீர வேண்டும். செசன்சு ஜட்ஜு தூக்கு விதித்தாலும் ஐகோர்ட்டு ஊர்ஜிதம் செய்யாமல் நிறைவேறாது.

2024 ஜூலை 1 முதல் வந்த புதுச் சட்டத்தில் பெருநகரங்களுக்கு மட்டும் 'மெட்ரோபாலிடன் மாஜிஸ்திரேட்டு' என்ற தனி ஜாதி கிடையாது. இதைவிட ஜனங்களுக்கு முக்கியமானது வேறொன்று. குற்றம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம் என்பது அந்தச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. "பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்க லிமிட் இல்லீங்க" என்று ரைட்டர் சொன்னால், அது சட்டமல்ல, சாக்கு.

குடும்ப வழக்கில் பெண்களுக்கு 2003-ல் ஒரு வழி திறந்தது. இந்து திருமணச் சட்டப்படி மனைவி வழக்கு போட்டால், அவர் அப்போது குடியிருக்கும் இடத்து கோர்ட்டிலேயே போடலாம். தாய் வீட்டுக்குத் திரும்பி வந்தவர் புருஷன் ஊருக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

தெற்கே இருந்து ஐகோர்ட்டுக்கு வந்து போன கஷ்டமும் 2004 ஜூலை 24-ந் தேதி மதுரை கிளை திறந்த பிறகு தீர்ந்தது. கன்னியாகுமரி முதல் திருச்சி, தஞ்சாவூர் வரை 13 மாவட்டங்கள் அங்கே போயின. 2019-ல் தென்காசி தனி மாவட்டமானதும் 14. அதுவரை நாகர்கோவில்காரர் ஒரு ஸ்டே உத்தரவு வாங்க சுமார் 700 கிலோ மீட்டர் பயணம் செய்து, லாட்ஜில் அறை எடுத்துத் தங்கினார்.

ஆட்சேபணை என்ற ஆயுதம்

தப்பான கோர்ட்டில் போட்டால் எல்லாமே போச்சா? அப்படியும் இல்லை. நல்லெண்ணத்தோடு, அக்கறையாக நடத்திய வழக்கு என்று காட்டினால், தப்பான கோர்ட்டில் கழிந்த நாட்களைக் காலக்கெடுவில் இருந்து கழித்துக் கொள்ளலாம். இடம் பற்றிய ஆட்சேபணையையும், தொகை பற்றிய ஆட்சேபணையையும் எதிர்த்தரப்பு ஆரம்பத்திலேயே எழுப்பிவிட வேண்டும். தோற்ற பிறகு அப்பீலில் புதிதாகக் கிளப்பினால் எடுபடாது.

வழக்கின் தன்மையே அந்த கோர்ட்டுக்கு உரியதல்ல என்றால் கதை வேறு. வாடகை கோர்ட்டுக்குப் போக வேண்டியதை சாதாரண சிவில் கோர்ட்டில் நடத்தி டிகிரி வாங்கினால், அந்த டிகிரி வெறும் காகிதம் என்று நிறைவேற்றுகிற கட்டத்தில்கூட எதிராளி வாதாடலாம். ஜெயித்தவர் அமீனாவோடு போய் வாசலில் நிற்கும்போது இந்த வாதம் முளைக்கும். பணம் படைத்த பிரதிவாதிகள் இதைத் தெரிந்தேதான் செய்கிறார்கள். வழக்கில் பலம் இல்லாதவர் முதலில் கையில் எடுப்பது, "இந்த கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை" என்ற மனுவைத்தான். அது தள்ளுபடி ஆனால் அதன் மேல் ரிவிஷன். இடையில் கோடை விடுமுறை. அதற்குள் வாதி பேரம் பேச இறங்கி வந்துவிடுவார்.

இந்த மனுக்களை இத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று கெடு வைத்து, வீண் ஆட்சேபணை என்றால் செலவுத் தொகையைத் தலையில் கட்டினாலே பாதி மனுக்கள் நின்றுவிடும். செலவுத் தொகை விதிக்க கோர்ட்டுகளுக்கு இப்போதே அதிகாரம் இருக்கிறது.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி மையம் ஐகோர்ட்டு வளாகத்திலேயே செயல்படுகிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டவர்கள், பழங்குடியினர், உடல் ஊனமுற்றோர், தொழிலாளர்கள் ஆகியோர் வருமானக் கணக்கு காட்டாமலே அங்கு உதவி கேட்கலாம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற டெலிபோன் எண்ணிலும் கேட்கலாம். பிராது எழுதுவதற்கு முன்பே, எந்த கோர்ட்டு என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்து கொள்வதற்கும் அங்கே போகலாம்.