தேர்ந்தெடுக்கப்பட்டவள் யார் வீட்டுப் பெண்?

ஃபேன்டசி நாவலும் கொலைக்கதையும் படித்து நேரத்தை வீணாக்காதீர்கள் என்று இளம் தோழர்களுக்கு அறிவுரை சொல்லும் பழக்கம் நம் இயக்கங்களில் உண்டு. வரலாறு படி, சட்டம் படி, தத்துவம் படி என்பார்கள். அவற்றைப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் விடுதி அறையில் விளக்கணைந்த பிறகு கைப்பேசி வெளிச்சத்தில் நம் பிள்ளைகள் படிப்பது பெரும்பாலும் இந்த நாவல்களைத்தான். அவற்றைப் பற்றி நாம் பேசாமல் விட்டால், அவற்றிலிருந்து அவர்கள் எடுத்துக்கொள்ளும் அரசியலைப் பற்றியும் பேசாமல் விட்டதாக ஆகிவிடும்.

அப்படி என்ன அரசியல் இருக்கிறது? கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் பெரிதாகப் பேசப்பட்ட ஆங்கில இளையோர் ஃபேன்டசி நாவல்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப வருவது பிறப்பு. யார் எந்த ரத்தத்தில் பிறந்தார், அதனால் யார் ஆளலாம், யார் சாகலாம் என்பதுதான் கதை. மர்ம நாவல்களிலும் அதே கணக்கு வேறு உருவில் ஓடுகிறது. இந்த இரண்டு வகையையும் எப்படிப் படிக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றியதை இங்கே வைக்கிறோம். சில கதைகளின் முடிச்சுகளை அவிழ்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் புத்தகங்களைப் படித்துவிட்டு வாருங்கள்.

விக்டோரியா ஏவ்யார்டின் 'ரெட் குயின்' 2015ல் வந்தது. அந்த உலகத்தில் மனிதர்கள் இரண்டு வகை. வெள்ளி நிற ரத்தம் உள்ளவர்களுக்கு அபூர்வ சக்திகள் உண்டு, அவர்கள் ஆள்கிறார்கள். சிவப்பு ரத்தம் உள்ளவர்கள் உழைக்கிறார்கள், போருக்குப் போய்ச் சாகிறார்கள். மேர் என்ற சிவப்பு ரத்தப் பெண்ணுக்கு மின்னலை ஆளும் சக்தி இருப்பது அரண்மனையில் எல்லோர் கண்முன்னும் தெரிந்துவிடுகிறது. அரச குடும்பம் உடனே என்ன செய்கிறது தெரியுமா? அவள் காணாமல் போன ஒரு வெள்ளிக் குலத்து மகள் என்று பொய்யாக அறிவித்து, வேறு பெயர் வைத்து, இளவரசனுக்கு நிச்சயம் செய்கிறது. திறமை கீழே பிறந்திருக்கலாம் என்று ஒத்துக்கொள்வதைவிட, அவளை மேலே பிறந்தவளாக மாற்றிவிடுவது ஆதிக்கத்துக்குச் சுலபம். இந்த இடம் எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஆனால் கதை போகப்போக, மேரும் அவளைப் போன்ற சிலரும் சிவப்பும் இல்லாத, வெள்ளியும் இல்லாத புது ரத்தத்தவர் என்று ஆகிறது. சக்தி எதுவும் இல்லாத சாதாரணச் சிவப்பு ரத்தத்தவர்கள் கூட்டமாக, போர்ப் படையாக வருகிறார்கள். கதையின் வெளிச்சம் அவர்கள் மேல் விழுவது குறைவு.

இங்கேதான் முதல் கேள்வியைக் கேட்க வேண்டும். நாயகி வெல்வது, தன் ரத்தமும் உயர்ந்ததுதான் என்று நிரூபிப்பதாலா? அல்லது ரத்தக் கணக்கு எழுதிய ஏட்டையே கிழிப்பதாலா? குடிசையில் வளர்ந்தவன் கடைசியில் அரச குமாரன் என்று தெரியவரும் கதை உலகமெங்கும் உண்டு. அந்தக் கதையில் ஒரு மனிதன் காப்பாற்றப்படுகிறான். குடிசை அப்படியே இருக்கிறது.

நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த அமெரிக்க எழுத்தாளர் டோமி அடெயெமியின் 'சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்' (2018) இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரிஷா என்ற நாட்டில் மந்திர சக்தி உள்ள மக்களை அரசன் ஒரே இரவில் கொன்று குவிக்கிறான். மிஞ்சிய குழந்தைகளை வெள்ளை முடி காட்டிக்கொடுத்துவிடுகிறது. அவர்கள் மேல் தனி வரி போடப்படுகிறது. வரி கட்ட முடியாவிட்டால் அடிமை வேலை. வரி எவ்வளவு என்பது அரசன் விருப்பம். செலீ என்ற பெண் மீன் விற்கச் சந்தைக்குப் போவதே அந்த வரிக்காகத்தான். கொலையைவிட வரியைப் பற்றி ஆசிரியர் எழுதும் இடங்களைக் கவனியுங்கள். ஒரு கூட்டத்தை அடிமையாக வைத்திருக்க தினமும் கத்தி தேவையில்லை, தீராத கடன் போதும் என்பது அங்கே தெரிகிறது. அரண்மனைக்குள் ராணி தன் மகளின் தோல் நிறத்தை வெளுக்க வைக்கப் படும் பாட்டையும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் காவல்துறையால் கொல்லப்பட்டதுதான் இந்த நாவலை எழுதத் தூண்டியது என்று ஆசிரியரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

இந்த வரிசையின் இரண்டாம் புத்தகம் 2019ல் வந்தது. மந்திரம் திரும்பி வருகிறது. ஆனால் ஒடுக்கப்பட்டவர்களுக்கு மட்டும் வரவில்லை, பிரபுக்களுக்கும் வருகிறது. ஒடுக்கப்பட்டவர்கள் போராடி மீட்டதை ஆள்பவர்கள் அவர்களைவிடப் பெரிய அளவில் எடுத்துக்கொள்கிறார்கள். உடன் நின்ற இளவரசி அமாரி, அரியணை தனக்குத்தான் உரியது என்று நம்புகிறாள். அவள் நல்லவள், தியாகம் செய்தவள், ஆனால் தலைமை தன்னுடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நம் போராட்டங்களுக்கு ஆதரவாக வருகிறவர்களைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரத்தில் இந்தப் புத்தகம் உதவும். கதையோட்டம் முதல் புத்தகத்தின் வேகத்தில் இல்லை, சண்டைகள் அலுக்கின்றன. அமாரிக்காகப் படிக்கலாம்.

டிரேசி டியோன் எழுதிய 'லெஜண்ட்பார்ன்' (2020) ரத்தக் கதையை உள்ளிருந்தே உடைக்கிறது. பதினாறு வயதுக் கறுப்பினப் பெண் ப்ரீ, வட கரோலினாவின் சேப்பல் ஹில் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வருகிறாள். அங்கே ஆர்தர் மன்னனின் வட்டமேசை வீரர்களுடைய வம்சம் என்று சொல்லிக்கொள்ளும் ரகசியச் சங்கம் ஒன்று இருக்கிறது. பரம்பரைப் பெருமையும் பணமும் கொண்ட வெள்ளைக் குடும்பங்கள் அதில் கோலோச்சுகின்றன. கடைசியில் ஆர்தரின் உண்மையான வாரிசு ப்ரீதான் என்று தெரிகிறது. பழைய கதைதானே என்று நினைப்பீர்கள். ஆனால் அந்த ரத்தம் அவளுக்கு எப்படி வந்தது? அடிமையாக இருந்த அவளுடைய மூதாய் வேராவை, அவளை உடைமையாக வைத்திருந்த வெள்ளை எஜமானன் வல்லுறவு செய்ததால் வந்தது. உயர்ந்த ரத்தம் என்று எதைக் கொண்டாடுகிறார்களோ அது ஒரு குற்றத்தின் தடயம். ப்ரீக்கு அது கிரீடம் அல்ல, காயம். அவளைக் காப்பாற்றுவது வேரா தன் முன்னோர்களிடம் வேண்டிப் பெற்ற சக்தி. தூய பரம்பரை பேசுகிறவர்கள் தங்கள் வம்சாவளியில் எந்தப் பெண்களின் பெயரை எழுதாமல் விட்டார்கள் என்று கேட்க, இந்த ஒரு திருப்பம் போதும்.

ரத்தமோ மந்திரமோ எதுவும் இல்லாத சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) உங்களில் பலர் படம் பார்த்துத் தெரிந்துகொண்ட கதை. கண்டிப்பான கணக்கில் இது ஃபேன்டசி அல்ல, வருங்காலக் கற்பனை. ஆனால் அதே வாசகர்கள்தான் இதையும் படிக்கிறார்கள். பன்னிரண்டு மாவட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் ஒரு பையனும் ஒரு பெண்ணும் குலுக்கலில் எடுக்கப்பட்டு, ஒருவரை ஒருவர் கொல்ல அனுப்பப்படுகிறார்கள். குலுக்கல் எல்லோருக்கும் பொதுதானே என்று தோன்றும். ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளை ஓராண்டுக்கான தானியமும் எண்ணெயும் வேண்டுமென்றால் தன் பெயரைக் கூடுதலாக எழுதிப் போட வேண்டும். அது ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகும். பதினாறு வயது காட்னிஸின் பெயர் 20 முறை இருக்கிறது. பதினெட்டு வயது கேலின் பெயர் 42 முறை. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்ற சொல்லுக்குள் பசி எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு பாடப்புத்தகம் சொல்லிவிடாது.

மாவட்டங்களுக்குள்ளும் படிகள் உண்டு. தலைநகருக்கு நெருக்கமான ஒன்றும் இரண்டும் தங்களைப் பலிகளாக நினைப்பதில்லை. அங்கே பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, பெருமையோடு அனுப்புகிறார்கள். படிநிலை சமத்துவமின்மையைப் பற்றி அண்ணல் அம்பேத்கர் எழுதியதைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தனக்குக் கீழே ஒருவன் இருக்கும்வரை, மேலே இருப்பவனை எதிர்க்க யாருக்கும் முழு மனசு வருவதில்லை. மூன்றாம் புத்தகத்தின் முடிவில், வென்ற கிளர்ச்சித் தலைவி, தலைநகரத்துக் குழந்தைகளை வைத்து இன்னொரு விளையாட்டு நடத்தலாம் என்கிறாள். காட்னிஸின் அம்பு வீழ்ந்த சர்வாதிகாரியை விட்டுவிட்டு அந்தத் தலைவி மேல் பாய்கிறது. யார் பலி என்பதை மாற்றுவது விடுதலை ஆகாது என்று அந்த அம்பு சொல்கிறது.

2025ல் வந்த 'சன்ரைஸ் ஆன் த ரீப்பிங்' காட்னிஸின் வழிகாட்டி ஹேமிச்சின் இளமைக் கதை. 2009ல் வந்த இரண்டாம் புத்தகத்தில் அவன் விளையாடிய போட்டியின் ஒளிப்பதிவை நாமும் காட்னிஸோடு சேர்ந்து பார்த்து நம்பினோம். அது தலைநகரம் வெட்டி ஒட்டிய பதிவு என்று இப்போது தெரிகிறது. அரங்கத்தையே நாசமாக்க அந்தப் பிள்ளைகள் செய்த முயற்சி முழுவதும் வெட்டப்பட்டிருக்கிறது. எதிர்ப்பு நடக்கவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் இடங்களில், எதிர்ப்பு பதிவாகாமல் போயிருக்கலாம். வாய்மொழி வரலாறு சேகரிக்க ஊர் ஊராகப் போகும் மாணவர்கள் இந்தப் புத்தகத்தை அவசியம் படியுங்கள்.

இனி மர்ம நாவல்கள். யார் கொன்றது என்பது அவற்றின் வழக்கமான கேள்வி. நாங்கள் அதற்கு முன்பே இன்னொன்றைக் கேட்கிறோம். யாருடைய சாவு மர்மமாக மதிக்கப்படுகிறது? கில்லியன் ஃப்ளினின் 'கான் கேர்ள்' (2012) விறுவிறுப்பான நாவல், மறுக்கவில்லை. காணாமல் போன அழகான வெள்ளைப் பெண்ணுக்காக ஒரு நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருப்பதை அது கிண்டலும் செய்கிறது. அமெரிக்க ஊடகங்களின் இந்தப் பழக்கத்தைக் காணாமல் போன வெள்ளைப் பெண் நோய் என்று 2004லேயே பெயர் சொல்லிக் குத்திக் காட்டியவர் க்வென் ஐஃபில் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர். மற்றவர்கள் காணாமல் போனால் அது வெறும் எண்ணிக்கை.

ஏஞ்சலின் பவுலியின் 'ஃபயர்கீப்பர்ஸ் டாட்டர்' (2021) அந்த எண்ணிக்கைக்குள் இருந்து எழுதப்பட்ட மர்ம நாவல். ஆசிரியர் மிச்சிகனைச் சேர்ந்த ஒஜிப்வே பூர்வகுடிப் பெண். நாயகி டோனிஸுக்குப் பதினெட்டு வயது. வெள்ளைத் தாய், ஒஜிப்வே தந்தை. பழங்குடிப் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. தோழி கண்முன்னே கொல்லப்படுகிறாள். போதைப்பொருள் வழக்கில் உதவச் சொல்லி மத்தியப் புலனாய்வு அமைப்பு அவளை அணுகுகிறது. அவர்களுக்கு வழக்கு முடிய வேண்டும். அவளுக்குத் தன் மக்கள் பிழைக்க வேண்டும். கதையின் இழுபறி முழுவதும் இதுதான். நடுவில் செல்வாக்குள்ள வெள்ளையன் ஒருவன் பழங்குடி நிலத்தில் அவளை வல்லுறவு செய்கிறான். அவனுக்குத் தண்டனை இல்லை. இது கதைக்காகச் செய்த கற்பனை அல்ல. பழங்குடி அல்லாதவர்களைப் பழங்குடி நீதிமன்றங்கள் குற்ற வழக்கில் விசாரிக்க முடியாது என்று 1978ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடும்ப வன்முறை வழக்குகளுக்கு 2013லும் பாலியல் வன்முறை வழக்குகளுக்கு 2022லும்தான் சட்டம் கொஞ்சம் வழிவிட்டது. நாவல் நடக்கும் 2004ல் டோனிஸுக்குக் கதவே இல்லை. கொலையாளி பிடிபட்ட பிறகும் அவளுக்கான வழக்கு முடிவதில்லை. ஒரு நல்ல மர்ம நாவல் இப்படித்தான் கடைசிப் பக்கத்துக்குப் பிறகும் நம்மை விடாமல் வைத்திருக்கும்.

மாணவர்களுக்கு இன்னொன்று: ஃபரிதா அபிகே இயிமிதேயின் 'ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ்' (2021). பணக்காரத் தனியார் பள்ளியில் இரண்டே கறுப்பின மாணவர்கள். டெவன் ஏழை, சியமாகா பணக்காரி. முகமற்ற ஒருவர் இருவருடைய ரகசியங்களையும் குறுஞ்செய்தியாகப் பரப்புகிறார். தனிப்பட்ட பகையாளி ஒருவனைத் தேடிக்கொண்டே போனால், குற்றவாளி அந்த நிறுவனமே என்று தெரிகிறது. பணம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்மிடம் சொல்பவர்களுக்குச் சியமாகாவின் கதையைப் படிக்கக் கொடுக்கலாம். அவள் நம்பியிருந்த பணம் அவளைக் காப்பாற்றவில்லை. வளாகத்தில் ஒரு மாணவர் ஒடிந்துபோகும்போது அவரிடம் என்ன குறை என்று தேடும் பழக்கத்தை விட்டு, அந்த வளாகத்தை விசாரிக்க வேண்டும் என்று நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு விறுவிறுப்பான கதை அதைச் சொல்லும்போது இன்னும் பல காதுகளுக்குப் போகிறது.

இந்த நாவல்களைப் புனிதமாக்க வேண்டாம். இவற்றை வெளியிடுவது பெரிய பதிப்பு நிறுவனங்கள்; புரட்சியும் அங்கே விற்பனைச் சரக்குதான். வாசகர்களும் எல்லோரும் பாடம் கற்றுவிடுவதில்லை. பதினோராம் மாவட்டத்துச் சிறுமி ரூ கருநிறத்தவள் என்று காலின்ஸ் எழுதியே இருக்கிறார். 2012ல் படம் வந்தபோது, கறுப்பினச் சிறுமி அந்த வேடத்தில் நடித்ததற்குச் சிலர் கோபப்பட்டார்கள். அந்தக் குழந்தைக்காக அழுதவர்கள், அவள் நிறம் தெரிந்ததும் கண்ணீரைத் திரும்பக் கேட்டார்கள்.

ஆகவே சேர்ந்து படியுங்கள். இளையோருக்காக எழுதியதால் ஆங்கிலம் எளிமையாக இருக்கும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் தயங்க வேண்டாம். மாதம் ஒரு புத்தகம், ஐந்து பேர் போதும். கூடும்போது மூன்று கேள்விகளை நடுவில் வையுங்கள். நாயகிக்கு அபூர்வ சக்தி இல்லாமல் போயிருந்தால் இந்தக் கதையில் அவளுக்கு நீதி கிடைத்திருக்குமா? கதை முடிந்த மறுநாள், பெயர் சொல்லப்படாத கூட்டத்தின் வாழ்க்கையில் என்ன மாறியிருக்கும்? யாருடைய சாவுக்கு விசாரணை நடந்தது, யாருடையது ஒரு வரியில் முடிந்தது?

மூன்றுக்கும் உங்களுக்குப் பிடித்த பதில் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காவிட்டால், அந்தப் புத்தகத்தை உங்கள் ஐந்து பேரில் ஒருவர்தான் எழுத வேண்டியிருக்கும். நாங்கள் படிக்கக் காத்திருக்கிறோம்.