பக்கத்தின் ஓரத்தில் ஒரு விரல்

கூகுள் புக்ஸில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புத்தகங்களைத் தேடிப் படிப்பவர்கள் அந்த விரலை எப்போதாவது பார்த்திருக்கக்கூடும். பக்கத்தின் ஓரத்தில், வரிகளின்மேல் சற்றே ஏறி, இளஞ்சிவப்பு ரப்பர் உறை மாட்டிய ஒரு விரல். வாசிக்கவேண்டிய சொல்லை மறைக்கிறதே என்ற எரிச்சலுடன் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். நானும் வெகுகாலம் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்.

அந்த விரல் யாருடையது என்று என்னைக் கேட்கவைத்தது, ஆண்ட்ரூ நார்மன் வில்சன் என்னும் அமெரிக்கக் கலைஞர் 2011-இல் வெளியிட்ட 11 நிமிடக் காணொளி. ‘கூகுள்பிளெக்ஸை விட்டு வெளியேறும் தொழிலாளர்கள்’ என்று பெயர். 1895-இல் லூமியேர் சகோதரர்கள் தங்கள் தொழிற்சாலை வாசலில் எடுத்த படத்தை நினைவூட்டும் தலைப்பு. 2007-இல் வில்சன் கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவிலுள்ள கூகுள் வளாகத்தில் ஒப்பந்த ஊழியராக இருந்தார். அங்கே அடையாள அட்டையின் நிறத்தைக் கொண்டே ஒருவரின் நிலையை அறியலாம். நிரந்தர ஊழியருக்கு வெள்ளை, அவரைப் போன்றோருக்குச் சிவப்பு, பயிற்சி மாணவருக்குப் பச்சை. பக்கத்துக் கட்டடத்திலிருந்து பிற்பகல் இரண்டேகால் மணிக்கு வெளியேறுகிறவர்களுக்கு மட்டும் மஞ்சள். விடிகாலை நான்கு மணிக்கு வேலைக்கு வந்தவர்கள். நூலகங்களின் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் படமெடுக்கும் வேலை. சிவப்பு அட்டைக்குக் கிடைத்த இலவச உணவும் மிதிவண்டியும் பேருந்தும் மஞ்சள் அட்டைக்கு இல்லை என்கிறார் வில்சன். அவர்களைப் படமெடுக்கவும் பேச்சுக் கொடுக்கவும் முயன்றார். அவருடைய வேலை போயிற்று.

பெருந்தொழில்நுட்ப நிறுவனங்களின் உள்வாழ்க்கையைச் சொல்லும் நூல்களுக்கு ஆங்கிலத்தில் பஞ்சமில்லை. டக்ளஸ் கூப்லண்டின் ‘மைக்ரோசெர்ஃப்ஸ்’ (1995) நாவல் முதல் அன்னா வீனரின் ‘அன்கேனி வேலி’ (2020) தன்வரலாறு வரை பலவும் நல்ல வாசிப்பே. ஆனால் அவற்றின் சோர்வும் அங்கதமும் விருந்தில் இடம் கிடைத்தவர்களின் சோர்வும் அங்கதமும். பந்தியில் அமர்ந்து உண்டபின் வரும் குற்றவுணர்வை நாம் நிறையப் படித்துவிட்டோம். பந்திக்கு அழைக்கப்படாதவர் எழுதியது எங்கே? வில்சனின் காணொளியிலும் நமக்குக் கேட்பது அவருடைய குரல்தான். மஞ்சள் அட்டைக்காரர்கள் தொலைவில் நடந்துபோகிறார்கள்.

இது ஒரு கட்டடத்தின் கதை மட்டுமன்று. கூகுளின் நிரந்தர ஊழியர் சுமார் 1,02,000 பேர் என்றால், தற்காலிக, ஒப்பந்தப் பணியாளர் 1,21,000 பேர் என்று 2019-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அதாவது, அந்த நிறுவனத்தில் வேலை செய்வது எப்படி என்ற கேள்விக்குப் பாதிக்குமேற்பட்டோரின் விடை வேறாக இருக்கும்.

சம்பளத்துக்குச் செய்த வேலைதானே, இதில் என்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார். சம்பளத்துக்குத்தான். ஏடு படியெடுத்தவரும் கூலிக்குத்தான் எழுதினார். ஆயினும் கடைசி ஓலையில் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறிப்பது அவர்களிடையே வழக்கமாக இருந்தது. 2004-இல் அறிவிக்கப்பட்ட இந்தத் திட்டம் 2019-க்குள் நான்கு கோடிப் புத்தகங்களைத் தாண்டிவிட்டது. எந்த நூலகத்தின் பிரதி என்ற விவரம் அதில் உண்டு, நூலகத்தின் முத்திரைகூட அப்படியே பதிவாகியிருக்கிறது. புரட்டியவரின் பெயருக்கு மட்டும் இடமில்லை. தவறுதலாகப் பதிந்த விரல்தான் மிச்சம்.

இப்போதெல்லாம் அப்படிப்பட்ட பக்கம் வந்தால் சற்று நின்று பார்க்கிறேன். சில விரல்களில் மோதிரம் தெரிகிறது.