எல்லாச் சீட்டுகளையும் படிப்பவர்

மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு நண்பரின் வீட்டு மாடியில் கூடி, முன்பே பேசி வைத்த ஒரு புத்தகத்தை விவாதிப்பது வழக்கம். அண்மையில் எடுத்துக்கொண்டது ஜான் பெர்ஜரின் ‘எ ஃபார்ச்சுனேட் மேன்’. 1967இல் வெளியானது. இங்கிலாந்தின் டீன் வனப்பகுதியில் பணியாற்றிய ஒரு கிராமத்து மருத்துவரைப் பற்றி பெர்ஜர் எழுத, ழான் மோர் புகைப்படங்கள் எடுத்திருந்தார். அன்றைய கூட்டத்துக்கு அந்த நூலைப் பரிந்துரைத்த நண்பரே வரவில்லை. அவருடைய தந்தை முதல்நாள் பின்னிரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்தார். புத்தகத்தைப் பற்றிப் பாதியும் அவரைப் பற்றிப் பாதியுமாக அன்றைய பேச்சு கழிந்தது. இக்கட்டுரை அந்தப் பேச்சின் மிச்சம்.

பிறகு நாங்கள் பார்க்கப் போனபோது, நண்பர் ஒரு மஞ்சள் பையிலிருந்து மருந்துச் சீட்டுகளை எடுத்துத் தேதி வாரியாகக் கட்டிலின் ஓரத்தில் அடுக்கினார். கதை தானாகவே வெளிவந்தது. முழங்கால் வலிக்கு எலும்பு நிபுணர் ஒரு வலிமாத்திரை எழுதியிருக்கிறார். அவ்வகை மாத்திரைகள் சிலருக்கு இரத்த அழுத்தத்தை உயர்த்தும், பெரியவருக்கும் உயர்ந்தது. இதய நிபுணர் அதைக் கண்டு அம்லோடிபின் சேர்த்தார். அம்மாத்திரையால் சிலருக்குக் கால் வீங்கும், வீங்கியது. வீக்கத்தைப் பார்த்த மூன்றாவது மருத்துவர் நீர் பிரியும் மாத்திரை கொடுத்தார். இரவில் நான்கைந்து முறை எழ வேண்டியதாயிற்று. அதற்காக நான்காவதாக ஒரு சிறுநீரக நிபுணரிடம் அடுத்த வாரத்துக்கு டோக்கனும் வாங்கியிருந்தார்கள். அதற்குள் விழுந்துவிட்டார்.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? ஒவ்வொரு சீட்டையும் தனியாக எடுத்துப் பார்த்தால் அதனதன் அளவில் சரியாகவே இருக்கிறது. தவறு சீட்டுகளுக்கு இடையில் இருந்தது. மூன்று சீட்டுகளையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்க ஒருவர் இருந்திருந்தால், வலிமாத்திரையை மாற்றியதோடு முடிந்திருக்கக்கூடிய விஷயம் இது. அந்த ஒருவருக்குத்தான் குடும்ப மருத்துவர் என்று பெயர். நம்மில் பெரும்பாலோருக்கு இன்று அவர் இல்லை.

நம்மில் ஐம்பதைக் கடந்தவர்களுக்கு இச்சொல் ஒரு காட்சியை எழுப்பும். வாசலில் மரபெஞ்சு, உள்ளே கம்பவுண்டர், அளவு தெரிய காகிதம் கத்தரித்து ஒட்டிய மிக்ஸ்சர் புட்டி, ‘உங்க அப்பாவுக்கும் இதே தொந்தரவு உண்டு’ என்று சொல்லும் டாக்டர். ‘கைராசிக்காரர்’ என்று ஊர் அவரைச் சொல்லும். அந்தக் காலத்தைப் பொற்காலமாக்கும் ஆசை எங்களுக்கில்லை. எல்லாக் காய்ச்சலுக்கும் ஓர் ஊசி என்ற பழக்கமும் அந்த அறைகளில்தான் வளர்ந்தது. ஆனால் கைராசி என்று ஊர் சொன்னதில் பாதி, அந்த மருத்துவர் அக்குடும்பத்தை இருபது ஆண்டுகளாக அறிந்திருந்தார் என்பதே. அறிதலுக்கு ஊர் வைத்த பெயர் ராசி.

அவர் எப்படிக் காணாமற்போனார் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1946இல் வந்த போர் குழு அறிக்கை, நாடெங்கும் ஒரே தரமுள்ள ‘அடிப்படை மருத்துவர்’ வேண்டும் என்றது. குறுகிய காலப் படிப்பான எல்.எம்.பி. முறை கைவிடப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆனால் காலப்போக்கில் அந்த அடிப்படைப் பட்டமே மேற்படிப்புக்கான நுழைவுச் சீட்டாகச் சுருங்கிவிட்டது. ‘வெறும் எம்.பி.பி.எஸ்.தானே’ என்ற வாக்கியத்தை நாம் அனைவரும் ஒருமுறையேனும் சொல்லியிருக்கிறோம். அந்த ‘வெறும்’ என்ற சொல்லால் ஒரு தொழிலையே மதிப்பிழக்கச் செய்தோம். குடும்ப மருத்துவம் என்பதே இந்தியாவில் தனிச் சிறப்புப் படிப்பு, அதற்கு தேசிய வாரியத்தின் டி.என்.பி. பட்டம் உண்டு, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் தனித்துறையே உண்டு என்பதை அறிந்தவர்கள் நம்மிடையே மிகக் குறைவு.

நிற்க. திருக்குறளில் மருந்து அதிகாரத்தைப் பலரும் உணவுக் கட்டுப்பாட்டுக்காகவே மேற்கோள் காட்டுகிறோம். அதன் இறுதிக் குறள்களை ஊன்றிப் படித்தால் வேறொன்று புலப்படும். மருத்துவர் கருதவேண்டியவற்றை வரிசைப்படுத்தும்போது நோயின் அளவுக்கு முன்பாக நோயாளியின் அளவை வைக்கிறார் வள்ளுவர், மூன்றாவதாகக் காலத்தை. நிபுணர் நோயிலிருந்து தொடங்குகிறார். அது அவர் தொழிலின் இயல்பு. நோயாளியிலிருந்து தொடங்க வேண்டியவர் குடும்ப மருத்துவர். அவருடைய பணி சின்ன நோய்களுக்கு மருந்து கொடுப்பது மட்டுமன்று. எது சின்னது, எது பெரியது என்று பிரித்தறிவது, பெரியதை உரிய நேரத்தில் உரியவரிடம் அனுப்புவது, அங்கிருந்து திரும்பி வருவதைத் தொகுத்துப் பார்ப்பது, தேவையற்றதை நிறுத்துவது. மருந்தைத் தொடங்குவதைவிட நிறுத்துவதற்கு அதிகத் துணிவு வேண்டும்.

நோயாளி வராதபோதும் அவரை நினைப்பது இன்னொரு பணி. வேல்ஸின் க்ளின்கோருக் என்ற சுரங்கத் தொழிலாளர் கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர், தன்னைத் தேடி வந்தவர்களுக்கு மட்டுமல்லாமல், தன் பொறுப்பிலிருந்த ஊராருக்கெல்லாம் இரத்த அழுத்தம் பார்க்க முனைந்தார். இரத்த அழுத்தம் வலிப்பதில்லை. வலிக்காத நோய்க்காக எவரும் தாமாக வருவதில்லை. மருத்துவம் யாருக்கு மிகத் தேவையோ அவர்களுக்கே மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்ற ‘தலைகீழ்க் கவனிப்பு விதி’யை 1971இல் எழுதியவரும் அவரே. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீட்டு வாசலுக்கே மருந்து கொண்டுபோவதன் பின்னால் இருப்பதும் இந்த அறிவுதான்.

நீண்ட உறவினால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். நார்வேயில் 2001 முதல் ஒவ்வொருவருக்கும் பெயர் குறித்த மருத்துவர் ஒருவர் உண்டு. அங்கு ஏறத்தாழ 45 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வில், ஒரே மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஓராண்டே இருந்தவர்களைவிட மரண வாய்ப்பும் அவசரமாக மருத்துவமனையில் சேரும் வாய்ப்பும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவாக இருந்தன. காரணம் இதுவொன்றே என்று அறுதியிட முடியாதுதான். ஆனாலும் எந்தப் புதிய மாத்திரைக்கும் பொறாமை உண்டாக்கும் கணக்கு இது.

சரி, எப்படித் தேர்வது? முதலில், நலமாக இருக்கும்போதே தேட வேண்டும். நள்ளிரவு நெஞ்சுவலியில் யாரும் மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. அருகிலிருக்கும் விளக்கு வெளிச்சத்துக்கு ஓடுகிறோம். வீட்டிலிருந்து பாட்டியும் ஆட்டோவில் போய்வரக்கூடிய தொலைவில் இருப்பவராக இருக்கட்டும். மாநில மருத்துவக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். பிறகு ஒரு சளிக்கோ தோல் அரிப்புக்கோ போய்ப் பாருங்கள். ‘வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்’ என்று கேட்கிறாரா? பேச விடுகிறாரா? மருந்தின் பெயரை வாசிக்கும்படி எழுதுகிறாரா? எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்பி வரவேண்டும் என்று சொல்கிறாரா? ‘இது எனக்குப் பிடிபடவில்லை, இன்னாரைப் பாருங்கள்’ என்று அனுப்பத் தெரிந்தவரா? இவற்றில் கடைசிக் கேள்வியே முதன்மையானது. தெரியாததைச் சொல்லத் தெரிந்தவரிடம் தெரிந்ததையும் நம்பி ஒப்படைக்கலாம். மருந்தே எழுதாமல் ‘இரண்டு நாளில் சரியாகிவிடும்’ என்று அனுப்பினால், ஏமாந்ததாக நினைக்காமல் அவரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

நம் பங்கும் உண்டு. ஊசி போடாத மருத்துவரை மாற்றியவர்கள் நாம். ஸ்கேனுக்கு ஆயிரங்களை மறுபேச்சின்றிக் கட்டிவிட்டு, கால்மணி நேரம் யோசித்துப் பேசியவரின் ஃபீஸ் அதிகம் என்று முணுமுணுத்தவர்கள் நாம். சீட்டுகளை ஒரே கோப்பில் வைப்பதும், நிபுணரைப் பார்த்துவிட்டு வந்து அதைச் சொல்வதும், மூலிகைச் சூரணமானாலும் மறைக்காமல் இருப்பதும் நம் கடமை. ஒரு குடும்ப மருத்துவர் இரண்டாண்டுகளில் உருவாவதில்லை. நாம் திரும்பத் திரும்பப் போவதால்தான் உருவாகிறார்.

ஒரே மனிதர்மீது இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பெர்ஜர் எழுதிய அந்த மருத்துவர், நூலில் சாசல் என்ற பெயரில் வருபவர், 1982இல் தற்கொலை செய்துகொண்டார். ஊரின் துயரையெல்லாம் தனியாகச் சுமக்கும் மருத்துவரை வியந்து படிக்கலாம். அப்படியொருவரைக் கோருவது கொடுமை. நாம் கேட்பது தியாகியை அல்ல. நம் பெயரையும் நம் மாத்திரைகளையும் அறிந்த, மாலை ஆனதும் வீட்டுக்குப் போகும் ஒரு மனிதரை.

நண்பரின் தந்தை இப்போது கைத்தடியோடு நடக்கிறார். தெருமுனையில் சிறிய அறை வைத்திருக்கும் மருத்துவர் ஒருவர் மஞ்சள் பை முழுவதையும் கொட்டிப் பார்த்து, இதய நிபுணரோடு தொலைபேசியில் பேசி, மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் குறைத்து வருகிறாராம். பெயர்ப் பலகையில் எம்.பி.பி.எஸ். என்று மட்டுமே இருக்கிறது. அந்த வழியாகப் பன்னிரண்டு ஆண்டுகளாக நடந்து போயிருக்கிறேன், ஒருமுறைகூட உள்ளே போகத் தோன்றவில்லை என்றார் நண்பர்.